காலுக்கேற்ற மலை

(இயந்திரவியல் துறை, மூன்றாம் ஆண்டு)



மலையே இல்லாத ஊர்க்காரர்கள் நாம். வில்லியனூரில் நின்று நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தால் கண்ணில் படுகிற பெரிய உயரம் திருக்காமீஸ்வரர் கோயில் கோபுரம்தான். பாகூர்ப் பக்கம் போனால் ஏரிக்கரைதான் மேடு. மற்றபடி நெல், கரும்பு, தென்னை, சவுக்கு. கடல் மட்டத்துக்குச் சில மீட்டர் மேலேயே பிறந்து, வளர்ந்து, சைக்கிள் மிதித்து, பஸ்ஸில் தொங்கி, டிப்ளமோ படிக்கிறோம். ஆனாலும் மலைக்கும் நமக்கும் உறவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வில்லியனூரை ஒட்டி ஓடுகிற சங்கராபரணி செஞ்சி மலைப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. செஞ்சியாறு என்றே அதற்கு இன்னொரு பேர் உண்டு. மலை தண்ணீராக இறங்கி நம் ஊருக்கு வருகிறது. நாம்தான் மலையைத் தேடி அதிகம் போனதில்லை.

இந்த வருஷம் போகலாம் என்று ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. இறுதியாண்டுச் சுற்றுலா என்றால் வழக்கமாக ஊட்டி, கொடைக்கானல், மிஞ்சினால் மூணாறு. இம்முறை, "அதெல்லாம் பழசு, இமயமலைக்கே போவோம்டா, பதினாலாயிரம் அடி, பனியில நடப்போம்" என்று ஒரு கூட்டம் சொல்கிறது. கைப்பேசியில் அரை நிமிஷ வீடியோ பார்த்தவர்கள் அவர்கள். "நமக்கெதுக்குடா அதெல்லாம்? கூரை ஏறிக் கோழி பிடிக்க முடியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போறானாம்" என்று இன்னொரு கூட்டம் சிரிக்கிறது. கேன்டீனில் டீ ஆறிப்போகிற அளவுக்கு வாக்குவாதம் நடக்கிறது.

என்னைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் தப்பு. அந்தப் பழமொழியை நான் வேறு மாதிரி படிக்கிறேன். வானம் ஏறாதே என்று அது சொல்லவில்லை. முதலில் கூரை ஏறிப் பழகு, பிறகு வானத்தைப் பார்க்கலாம் என்று வரிசை சொல்கிறது. நம் கேள்வியும் அதுதான். மலைக்குப் போகலாமா வேண்டாமா என்பதல்ல, நம் அனுபவத்துக்கு ஏற்ற மலை எது, அதற்கு அடுத்தது எது என்பதே கேள்வி.

மலை யாருக்கும் பட்டா போட்டுக் கொடுக்கவில்லை

முதலில், "நமக்கெதுக்கு" என்கிற நண்பர்களுக்கு ஒரு பதில். எவரெஸ்ட் சிகரத்தில் 1953 மே 29 அன்று எட்மண்ட் ஹிலாரியோடு கால் வைத்த டென்சிங் நோர்கே, மூட்டை சுமக்கும் வேலையில் தொடங்கியவர். அடுத்த வருஷமே டார்ஜிலிங்கில் ஹிமாலயன் மலையேற்ற நிலையம் ஆரம்பிக்கப்பட்டபோது, களப்பயிற்சிக்கு இயக்குநராக நின்று பிறருக்குக் கற்றுக்கொடுத்தவர்.

அவ்வளவு தூரம் ஏன்? மாலாவத் பூர்ணாவைப் பாருங்கள். தெலங்கானாவில் ஒரு கிராமத்து மலைவாழ் குடும்பத்துப் பெண். அரசாங்க சமூகநல உண்டு உறைவிடப் பள்ளியில் படித்தவர். 2014 மே 25 அன்று எவரெஸ்ட் உச்சியில் நின்றார். அப்போது அவருக்குப் பதினாலு வயசு முடிய ஒரு மாதத்துக்கும் குறைவாகவே பாக்கி. நம் தமிழ்நாட்டில் விருதுநகர் மாவட்டத்துக்காரர் முத்தமிழ்ச்செல்வி 2023 மே 23 அன்று எவரெஸ்ட் ஏறினார். அச்சிகரம் தொட்ட முதல் தமிழ்நாட்டுப் பெண் அவர்தான். ஆகவே ஏழை வீட்டுப் பிள்ளை, கிராமத்துப் பிள்ளை, பெண் பிள்ளை என்று சொல்லி மலைப் பக்கமே போகாதே என்பவர்கள் பேச்சு செல்லாது.

ஆனால் பூர்ணாவின் கதையில் கைத்தட்டலோடு விட்டுவிடுகிற பாதி ஒன்று இருக்கிறது. அந்தப் பெண் பள்ளிக்கூடத்திலிருந்து நேராக எவரெஸ்டுக்குப் போகவில்லை. முதலில் ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் உள்ள புவனகிரிப் பாறையில் ஏறக் கற்றுக்கொண்டார். அதில் தேறியவர்களை டார்ஜிலிங்குக்கு அனுப்பினார்கள். அதிலும் தேறியவர்களை லடாக்கின் கடுங்குளிரில் பழக்கினார்கள். ஒவ்வொரு படியிலும் ஆட்களைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் எவரெஸ்டுக்குத் தேர்வானவர்கள் இரண்டே பேர். பதிமூணு வயசுச் சாதனை என்று நாம் பார்ப்பது உச்சிப் படியை மட்டும்தான். கீழே இருக்கிற படிகள் போட்டோவில் வருவதில்லை.

ஒர்க்‌ஷாப் சொல்லும் பாடம்

இதை நாம் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. முதலாம் ஆண்டு ஒர்க்‌ஷாப்பை நினைத்துப் பாருங்கள். உள்ளே நுழைந்த அன்றைக்கே லேத்தில் திரெட் கட்டிங் போடச் சொன்னார்களா? ஒரு இரும்புத் தகடும் அரமும் கையில் கொடுத்து, பைல் போடச் சொன்னார்கள். கை கொப்பளிக்க ராவினோம். டிரை ஸ்கொயரை வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் இடைவெளி தெரியும். திரும்ப ராவினோம். அதற்குப் பிறகுதான் லேத். லேத்திலும் முதலில் ஃபேஸிங், பிறகு பிளெயின் டர்னிங், ஸ்டெப், டேப்பர், கடைசியில்தான் திரெட். இந்த வரிசையைத் தாண்டினால் டூல் உடையும், இல்லாவிட்டால் விரல் போகும் என்று நம் இன்ஸ்ட்ரக்டர் சார் சொல்லாத நாளில்லை. மலைக்கும் ஒரு வரிசை இருக்கிறது.

பொருள்களின் வலிமைப் பாடத்தில் பாதுகாப்புக் காரணி என்று ஒன்று படித்தோம். ஒரு கம்பி எந்தச் சுமையில் அறுந்துபோகுமோ, அதே சுமையை அதில் யாரும் தொங்கவிட மாட்டார்கள். அதில் நாலில் ஒரு பங்கோ, அதற்கும் குறைவோதான் தொங்கவிடுவார்கள். சுமை அசையாமல் இருந்தால் காரணி குறைவு, திடீர் திடீரென்று அதிர்ந்தால் காரணி அதிகம். மலை என்பது அதிரும் சுமை. காலையில் வெயில், மதியம் மேகம், சாயங்காலம் ஆலங்கட்டி மழை. "என்னால் முட்டி மோதி இதை ஏறிவிட முடியும்" என்று தோன்றுகிற மலை, உங்கள் அறுபடும் சுமை. அதைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. "இதை ஏறியும் எனக்குப் பாதி பலம் மிச்சம் இருக்கும்" என்கிற மலைதான் உங்கள் வேலைச் சுமை. மிச்சமிருக்கிற அந்தப் பாதி வீண் இல்லை. மழை பிடித்துக்கொண்டால், பாதை தவறினால், கூட வந்தவனுக்குக் கால் பிசகினால் அந்தப் பாதிதான் நம்மைக் கீழே கொண்டுவந்து சேர்க்கும்.

நெல்லு மூட்டை தூக்குறவனுக்கும் மூச்சு வாங்கும்

"நாங்கல்லாம் கிராமத்துல வளர்ந்தவங்க, மூட்டை தூக்குறவங்க, கபடி ஆடுறவங்க, டவுன் பசங்க ஏறுற மலையை நாங்க ஏற மாட்டோமா?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. செஞ்சிக் கோட்டைக்கும் பர்வதமலைக்கும் அந்தத் தெம்பு நிச்சயம் உதவும். ஆனால் உயரமான மலையில் கதை வேறு.

காற்றில் ஆக்சிஜன் நூற்றுக்கு 21 பங்கு. எவ்வளவு உயரம் போனாலும் அந்தப் பங்கு மாறாது. குறைவது காற்றின் அழுத்தம். பாகூரில் பாதரசத்தில் 760 மில்லிமீட்டர் இருக்கிற அழுத்தம், 5,500 மீட்டர் உயரத்தில் சரிபாதி ஆகிவிடும். நம் நண்பர்கள் சொல்கிற பதினாலாயிரம் அடியில், இங்கே ஒரு மூச்சில் கிடைக்கிற ஆக்சிஜனில் நூற்றுக்கு அறுபது பங்குதான் கிடைக்கும். இதற்கு உடம்பு தன்னை மாற்றிக்கொள்ள முடியும். மூச்சை வேகப்படுத்தும், நாளாக நாளாக ரத்தத்தில் சிவப்பணுக்களைக் கூட்டும். ஆனால் அதற்கு நாள் வேண்டும். புஜபலத்தைக் காட்டி அந்த நாளைக் குறைக்க முடியாது.

சுமார் 2,500 மீட்டருக்கு மேல் போனால் யாருக்கும் மலைநோய் வரலாம். தலைவலி, குமட்டல், சாப்பாடு வேண்டாமை, தூக்கமின்மை இவை ஆரம்பம். அலட்சியப்படுத்தி மேலே ஏறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கும், இருமல் வரும். இன்னொரு வகையில் மூளை வீங்கும். குடித்தவன்போலத் தள்ளாடுவான், பேச்சு குழறும். இந்த இரண்டும் மணிக்கணக்கில் உயிரைக் கொண்டுபோகக்கூடியவை. இரண்டுக்கும் முதல் வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: உடனே கீழே இறங்குவது. விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இதில் பலசாலிக்குச் சலுகை கிடையாது. இன்னும் சொல்லப்போனால் பலசாலிக்கு ஒரு ஆபத்து கூடுதல். அவன் வேகமாக ஏறிவிடுவான். தலைவலித்தாலும் வெளியே சொல்ல வெட்கப்படுவான். கபடியில் அடிபட்டாலும் துடைத்துக்கொண்டு எழுகிற பழக்கம் மலையில் நமக்கே எதிரியாகும்.

குளிரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக 6.5 டிகிரி குறையும். நம் ஊரில் 30 டிகிரி இருக்கும் நேரத்தில், அதே கணக்கில் 4,000 மீட்டரில் 4 டிகிரிதான். அது வெயில் நேரத்துக் கணக்கு. ராத்திரியும், வடக்கத்திக் குளிரும், காற்றும், நனைந்த துணியும் சேர்ந்தால் என்ன ஆகும்? மார்கழி மாசம் விடியற்காலையில் மப்ளர் கட்டிக்கொண்டு நடப்பதையே பெரிய குளிர் என்று நினைக்கிறவர்கள் நாம்.

மூன்று துயரங்கள், மூன்று பாடங்கள்

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் நடந்ததை மறைத்துவிட்டு ஆசை காட்டுவதும் சரியில்லை.

முதலாவது, நமக்கு நெருங்கிய துயரம். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் குரங்கணி மலை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கமிருந்தும் போன இரண்டு குழுக்கள் கொழுக்குமலையிலிருந்து இறங்கி வரும்போது காட்டுத்தீயில் சிக்கின. 23 உயிர்கள் போயின. பெரும்பாலும் இளம் வயதினர், அதிலும் பெண்கள் அதிகம். அங்கே ஆக்சிஜன் குறைவில்லை, பனி இல்லை. காய்ந்த புல், கோடைக் காற்று, செங்குத்தான சரிவு. அவர்கள் போனது அனுமதிக்கப்பட்ட பாதை அல்ல என்று அப்போது சொல்லப்பட்டது. பாடம் என்ன? மலையைத் தேர்ந்தெடுப்பது என்றால் உயரத்தைத் தேர்ந்தெடுப்பது மட்டுமல்ல. மாதத்தையும் பாதையையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜனவரியில் சுலபமான அதே பாதை மார்ச்சில் அடுப்பாகிவிடும்.

இரண்டாவது, 2024 ஜூன் மாதம். உத்தராகண்டில் சகஸ்ரதால் ஏரிக்கு, கர்நாடகத்திலிருந்து போனவர்களும் வழிகாட்டிகளுமாக 22 பேர் கொண்ட குழு சென்றது. திரும்பும் வழியில் பனிப்புயல் மறித்துக்கொண்டது. 9 பேர் இறந்தார்கள். மற்றவர்களை ஹெலிகாப்டர் வைத்து மீட்டார்கள். இவர்கள் மலைக்குப் புதியவர்கள் அல்ல. பாடம்: மேலே போன பிறகு வானிலை கெட்டால் ஒதுங்க இடம் எங்கே, எத்தனை மணிக்குத் திரும்பியே ஆக வேண்டும் என்பதைக் கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டும்.

மூன்றாவது, 2022 அக்டோபர் 4. உத்தரகாசியில் 1965 முதல் நடக்கிற நேரு மலையேற்ற நிலையத்தின் உயர்பயிற்சிக் குழு, திரௌபதி கா டாண்டா சிகரத்துக்கு அருகே பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் கிடைத்தன, இரண்டு பேர் கிடைக்கவே இல்லை. இறந்தவர்களில் ஒருவர் பயிற்சியாளர் சவிதா கன்ஸ்வால். அதே வருஷம்தான் எவரெஸ்ட், மகாலு இரண்டு சிகரங்களையும் 16 நாளில் ஏறி முடித்திருந்தார். பாடம்: அனுபவம் ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. எவரெஸ்ட் ஏறியவருக்கே மலை தள்ளுபடி கொடுக்கவில்லை. வீடியோ பார்த்தவனுக்கா கொடுக்கும்?

படி எப்படிப் போடுவது?

நம் ஊரிலிருந்து பார்த்தால் எனக்குத் தெரிகிற படிகள் இவை.

முதல் படி செஞ்சி. எழுபது கிலோமீட்டர் சொச்சம். ராஜகிரி சுமார் 800 அடி. பெரும்பாலும் படிக்கட்டு. 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் மராட்டியர் கோட்டைகளோடு இதுவும் சேர்ந்திருக்கிறது. காலையில் ஏறி மதியம் இறங்கிவிடலாம். யாருக்கு முட்டி வலிக்கிறது, யார் தண்ணி குடிக்காமல் மயங்குகிறார்கள், யார் முன்னே ஓடி மற்றவர்களை விட்டுவிடுகிறார்கள் என்பது அன்றைக்கே தெரிந்துபோகும்.

இரண்டாம் படி பர்வதமலை மாதிரி ஒரு முழுநாள் மலை. திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. கடப்பாறைப் படியும் சங்கிலியும் பிடித்து ஏறுகிற இடம் உண்டு. உயரத்தில் பயம் யாருக்கு, யாருக்கு இல்லை என்பதை அந்த இடம் சொல்லும். சாமி மலை என்பதால் லேசாக எண்ண வேண்டாம். கோவை வெள்ளியங்கிரியில் பிப்ரவரி முதல் மே வரை பக்தர்கள் ஏழு மலை ஏறுகிறார்கள். அங்கே 2024 பருவத்தில் மட்டும் மூச்சுத்திணறியும் மாரடைப்பு வந்தும் பலர் இறந்தார்கள். பக்தி வேறு, இருதயம் வேறு.

மூன்றாம் படி மேற்குத்தொடர்ச்சி மலை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளைத் திறந்தது. எளிது, மிதம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். அந்தந்த மலை மக்களில் இளைஞர்களே பயிற்சி பெற்று வழிகாட்டியாக வருகிறார்கள். தீ பிடிக்கிற பருவத்தில் பாதைகளை மூடிவிடுகிறார்கள். குரங்கணிக்குப் பிறகு வந்த நல்ல மாற்றம் இது. முதலில் ஒரு எளிய பாதை, அடுத்த வருஷம் ஒரு மிதமான பாதை. என்.சி.சி.யில் இருப்பவர்கள் மலையேற்ற முகாம்களுக்குப் பேர் கொடுக்கலாம். அது கிடைத்தால் விடாதீர்கள்.

நான்காம் படிதான் இமயமலை. அதிலும் முதலில் சந்தக்பூ மாதிரியான இடம். மேற்கு வங்காளத்திலேயே உயரமான சிகரம், 3,636 மீட்டர். மேலே வரை ஜீப் போகிற பாதை கூடவே வருகிறது. யாருக்காவது முடியவில்லை என்றால் ஜீப்பில் ஏற்றி இறக்கிவிடலாம். முதல் தடவைக்கு இதைவிடப் பெரிய வசதி வேறில்லை. நம் நண்பர்கள் ஆசைப்படுகிற சார் பாஸ் மாதிரியான கணவாய்கள் சுமார் 13,800 அடி. இந்திய இளைஞர் விடுதிகள் சங்கம் குறைந்த கட்டணத்தில் அங்கே மாணவர்களைக் கூட்டிப்போகிறது. ஆனால் கணவாயை ஒருமுறை தாண்டிவிட்டால் வந்த வழியே திரும்புவது கஷ்டம். ஆகவே அது அதற்கடுத்த படி.

உண்மையாகவே மலையேற்றத்தில் பிடிப்பு வந்தவர்களுக்கு, உத்தரகாசியிலும் டார்ஜிலிங்கிலும் ஏறக்குறைய ஒரு மாத அடிப்படைப் பயிற்சி இருக்கிறது. டிப்ளமோ முடித்து, ஒரு வருஷம் சம்பாதித்து, அந்தப் பயிற்சிக்குப் போகலாம். சொந்தக் காசில் போகிற மலைக்கு ஒரு தனி மரியாதை உண்டு.

நோட்டீஸைப் பார்த்துக் கேட்க வேண்டியவை

"ஈஸி டு மாடரேட், பிகினர்ஸ் வெல்கம்" என்று எல்லா நோட்டீஸிலும் போட்டிருக்கும். கடைக்காரர் தன் மீன் நாறுகிறது என்று சொல்ல மாட்டார். நாம்தான் செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கேட்க வேண்டியவை இவை:

1. உச்சி எத்தனை மீட்டர் என்பதோடு விடாதீர்கள். ஒவ்வொரு ராத்திரியும் எத்தனை மீட்டரில் தூங்குகிறோம்? 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் உயரம் ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது. மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஓய்வு வேண்டும். திட்டத்தை வாங்கிக் கழித்துப் பாருங்கள். கழித்தல் கணக்குக்குக் கால்குலேட்டர்கூட வேண்டாம்.

2. வானிலை கெட்டால் செலவழிக்க உபரியாக ஒரு நாள் இருக்கிறதா? ரிட்டர்ன் டிக்கெட்டை மறுநாளுக்கே போட்டுவிட்டால், பயத்தைவிட டிக்கெட் நம்மை வேகமாக ஓட்டும்.

3. வழியில் எந்த இடத்திலிருந்து ரோட்டுக்கு எத்தனை மணி நேரம்? ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனால் எத்தனை மணி நேரம்?

4. வழிகாட்டி முதலுதவி படித்தவரா? ஆக்சிஜன் சிலிண்டர் கூட வருகிறதா? எத்தனை பேருக்கு ஒரு வழிகாட்டி?

5. வன அனுமதி யார் பேரில், எந்தப் பாதைக்கு? அந்தக் காகிதத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும்.

6. நாம் போகிற மாதத்தில் அந்தப் பாதையில் தீயா, மழையா, பனியா?

இதோடு, போகிற ஒவ்வொருவரும் டாக்டரைப் பார்த்தாக வேண்டும். அமர்நாத் குகை 3,888 மீட்டர். மருத்துவச் சான்று இல்லாமல் அங்கே யாரையும் விடுவதில்லை, 13 வயசுக்குக் கீழும் 70க்கு மேலும் அனுமதியில்லை. கைலாஷ் மானசரோவருக்கு அரசு மூலம் போகிறவர்களை டெல்லியில் சோதித்து, தேறாதவர்களைத் திருப்பி அனுப்புகிறார்கள். சாமி பார்க்கப் போகிறவர்களுக்கே அப்படி என்றால், செல்ஃபி எடுக்கப் போகிற நமக்கு வேண்டாமா? ஆஸ்துமா இருப்பவர்கள், வலிப்பு வந்தவர்கள், ரத்தசோகை உள்ள தோழிகள் இதை மறைக்கக் கூடாது. "மலைநோய்க்கு மாத்திரை இருக்கு" என்று மெடிக்கலில் தானாக வாங்கிப் போடவும் கூடாது. அது டாக்டர் எழுதிக் கொடுக்க வேண்டிய மாத்திரை, அதுவும் மெதுவாக ஏறுவதற்குப் பதிலாக அல்ல.

கையெழுத்து யாருடையது?

இனி நான் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம் என்று நினைக்கிறேன்.

இப்படிப்பட்ட பயணத்துக்கு ஒரு பாரம் கொடுப்பார்கள். முழுக்க இங்கிலீஷ். உயிருக்கோ உடம்புக்கோ எது நடந்தாலும் நடத்துகிறவர்கள் பொறுப்பல்ல என்று பொடி எழுத்தில் இருக்கும். கீழே கையெழுத்து. பதினெட்டு ஆகாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து வேண்டும். ஆனவர்களுக்கு நம் கையெழுத்தே போதும், ஆனால் பணம் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். அம்மா தோட்டையோ, மாட்டையோ, நூறு நாள் வேலைக் கூலியையோ நம்பித்தான் அந்தப் பணம்.

என் வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். உங்களில் பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான் என்று எனக்குத் தெரியும். அட்மிஷன் பாரம், ஸ்காலர்ஷிப் பாரம், வருமானச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக் எல்லாவற்றையும் வீட்டுக்குப் படித்துச் சொல்கிறவர்கள் நாம்தான். நாம் விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில் அப்பா கையெழுத்துப் போடுவார். "என்னடா எழுதியிருக்கு?" என்று கேட்பார். நாம் சொல்வதுதான் அவருக்கு அந்தக் காகிதம்.

இப்போது யோசியுங்கள். மலைக்குப் போக ஆசைப்படுகிறவனும் நாம், மலையின் ஆபத்தைப் படித்துச் சொல்ல வேண்டியவனும் நாம். "டூருப்பா, எல்லாரும் போறாங்க" என்று ஒரு வரியில் முடித்துவிட்டால், அவருக்கு வேறு வழியில் தெரிய வாய்ப்பே இல்லை. படித்த வீட்டுப் பிள்ளை பொய் சொன்னால் அவன் அப்பா அந்தப் பாரத்தை வாங்கிப் படித்துவிடுவார். நம் அப்பா நம் வாயைப் படிக்கிறார். படிப்பு நமக்குக் கொடுத்த பெரிய பலம் இது. அதைக் கொண்டு அவர்களை ஏமாற்றினால், படித்ததற்கே அர்த்தமில்லை.

அதனால் என் வேண்டுகோள் இது. அந்தப் பாரத்தைத் தமிழில் எழுதி, பெற்றோரைக் கூட்டி வைத்து, சத்தமாகப் படிக்க வேண்டும். படிப்பவர் அந்தப் பயணத்துக்குப் போகாத ஒருவராக இருக்க வேண்டும்.

"நாங்க இந்த வருஷத்தோட போயிடுவோமே!"

இறுதியாண்டு நண்பர்களின் வாதம் ஒன்று பாக்கி இருக்கிறது. நியாயமான ஏக்கம். "நீ சொல்ற படியெல்லாம் ஏறி முடிக்க மூணு வருஷம் ஆகும். நாங்க இந்த ஏப்ரல்ல கிளம்பிடுவோம். அப்புறம் ஆளுக்கொரு கம்பெனி, ஆளுக்கொரு ஷிஃப்ட். எங்களுக்கு எப்ப கிடைக்கும்?"

நானும் இறுதியாண்டுதான். எனக்கும் அந்த ஏக்கம் உண்டு. ஆனால் இமயமலை நம் ரிசல்ட்டோடு மூடப்போவதில்லை. மலைக்கு வயசு கோடிக்கணக்கில். நமக்குப் பதினெட்டு, பத்தொன்பது. அவசரம் மலைக்கு இல்லை. இந்த ஒரு வருஷத்துக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும் என்று நாம் நினைப்பதுதான் அவசரம்.

நம்மால் இந்த வருஷம் செய்ய முடிகிற ஒன்று இருக்கிறது. முதல் படியை நாம் போட்டுவிட்டுப் போகலாம். நம் மாணவர் சங்கத்துக்கு நான் வைக்கும் கோரிக்கை:

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மூன்று ஆண்டு மாணவ மாணவியரும் செஞ்சிக்குப் போக வேண்டும். யார் எப்படி நடந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைக்க வேண்டும். நம்மிலேயே மெதுவாக நடக்கிறவருடைய வேகம்தான் குழுவின் வேகம் என்று அங்கேயே பழக வேண்டும். இறுதியாண்டுச் சுற்றுலாவை 'ட்ரெக் தமிழ்நாடு' எளிய பாதை ஒன்றில், தீப் பருவத்துக்கு முன்பே வைத்துக்கொள்ள வேண்டும். அந்த நோட்டைப் போகும்போது இரண்டாம் ஆண்டுக்காரர்கள் கையில் கொடுக்க வேண்டும். அவர்கள் அடுத்த படியை எழுதட்டும். இன்றைய முதலாம் ஆண்டுத் தம்பி தங்கைகள் இறுதியாண்டுக்கு வரும்போது, நம் கொம்யூன் பிள்ளைகள் சிலர் சந்தக்பூவுக்குத் தகுதியோடு கிளம்புவார்கள். வேலைக்குப் போன நாமும் லீவு போட்டுச் சேர்ந்துகொள்ளலாம், யார் தடுப்பது?

இன்னொரு விதியும் அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும்: "எனக்கு முடியவில்லை, நான் இறங்குகிறேன்" என்று சொல்கிறவரை யாரும் கிண்டல் செய்யக் கூடாது. அவரோடு ஒருவர் கூடவே இறங்க வேண்டும். அந்த வார்த்தையைச் சொல்ல நிறைய தைரியம் வேண்டும். உச்சிக்குப் போவது பாதி வழிதான். வீட்டு வாசலில் அம்மா கையால் தண்ணி வாங்கிக் குடித்தால்தான் பயணம் முடிகிறது.

ஆகவே நண்பர்களே, ஆசையைச் சுருக்கிக்கொள்ளச் சொல்லவில்லை. வரிசையாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஓட்டு மேல் ஏறிக் கோழி பிடிப்போம், பிறகு வைகுண்டம் எங்கே போய்விடும்?

சிந்திப்போம், கூடிப் பேசுவோம், படிப்படியாய் ஏறுவோம்!